முறிமருந்து இல்லாத உறக்கம்

நோர்வேயின் வடகோடியில் உள்ள பின்மார்க் மேட்டுநிலத்தில் ஜனவரியில் மழை பெய்வதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. பனி எவ்வளவு கொட்டினாலும் பனிமான்களுக்குக் கவலையில்லை. குளம்பால் கிண்டி, அடியில் கிடக்கும் வெண்பாசியைத் தின்று குளிர்காலத்தைக் கடத்திவிடும். மழை பெய்து அதன்மேல் குளிர் இறுகினால்தான் ஆபத்து. நிலம் முழுவதும் கண்ணாடி போட்டதுபோல ஐஸ் மூடிக்கொள்ளும். தீனி காலடியில் இருக்கும், வாய்க்கு எட்டாது.

முன்பெல்லாம் எப்போதாவது ஒருமுறை அப்படி நடக்கும். இந்த நூற்றாண்டின் நாற்பதுகளில் அநேகமாக ஒவ்வொரு குளிர்காலமும் நடந்தது.

ரிஸ்டன் தொலைபேசியில் கூப்பிட்டபோது கஜானி கராஸ்யோக் ஊரில் ஒரு நாயின் காலுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அந்த வட்டாரத்தின் மிருக வைத்தியர். வார்டோ என்ற கரையோர ஊரில் மீன் தொழிற்சாலை வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தம்பதியின் மகள். அந்தக் குளிரிலேயே பிறந்து வளர்ந்தவள். ரிஸ்டன் அந்த வடநிலத்தின் பூர்வகுடியான சாமி இனத்துப் பெண், பனிமான் மேய்ப்பவள், கஜானியைவிடப் பத்து வயதாவது மூத்தவள். இருவரும் நோர்வே மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். வழக்கமாக ரிஸ்டன் ஊர்க்கதை கொஞ்சம் கதைத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள். அன்று நேரே வந்தாள்.

"மான்கள் மரப்பட்டையைக் கடிக்கத் தொடங்கிட்டுது. நீ வந்து பார்."

கஜானி போய்ப் பார்த்தாள். குர்ராவாகி பள்ளத்தாக்கில் சூரியன் எழாத குளிர்காலத்து நண்பகலின் நீல வெளிச்சத்தில் மந்தை நின்றுகொண்டிருந்தது. மேயவில்லை, நடக்கவில்லை, நின்றது. சில மான்களின் முன்குளம்புகள் ஐஸைக் கிண்டிக் கிண்டி இரத்தம் கசிந்திருந்தன. ரிஸ்டனின் கணவர் நீலாஸ் ஒரு மூட்டைத் தீனியைப் பிரித்துக் கொட்டினார். பாசிக்குப் பழகிய வயிறு திடீரென்று மாவுத்தீனியைத் தாங்காது என்பது மூவருக்கும் தெரியும். முதல் நாள் அதைத் தின்ற சில மான்கள் வயிறு ஊதிக் கிடந்தன. மேற்கொண்டு தீனி கொண்டுவர வேண்டிய பாதையும் மூடிப்போயிருந்தது.

திரும்பும்போது ரிஸ்டன் கேட்டாள், "உன்ர அண்ணன்ர மருந்து என்ன நிலையில இருக்கு?"

மானை மயக்குவது கஜானிக்குக் கைவந்த வேலை. ஊசித்துப்பாக்கியால் சுட்டால் மான் தள்ளாடிப் படுக்கும். பக்கவாட்டில் சாய விடக்கூடாது. சாய்ந்தால் வயிற்றில் வாயு திரண்டு மூச்சை அடைத்துவிடும். நெஞ்சின்மேல் படுக்க வைத்து, கண்ணைத் துணியால் கட்டி, மூக்கில் ஒட்சிசன் குழாயைச் செருகி, புண்ணுக்கோ எலும்புக்கோ செய்யவேண்டியதைச் செய்து, கடைசியில் மயக்கத்தை முறிக்கும் முறிமருந்து ஏற்றினால் சற்று நேரத்தில் எழுந்து காட்டைப் பார்த்து ஓடும். அவளுடைய அண்ணன் வாகீசன் ட்ரொம்சோ நகரின் ஓர் ஆய்வுகூடத்தில் அந்த மயக்கத்தை வாரக்கணக்கில் நீட்டுவதற்கு வழி தேடிக்கொண்டிருந்தார். இதயம் மெதுவாகும், உடம்பு குளிரும், வயிறு வேலையை நிறுத்திவிடும், பசி இருக்காது. கரடி குளிர்காலத்தைத் தூங்கிக் கழிப்பதுபோல மானும் கழிக்கும். ஆய்வுப் பட்டியில் தூங்கிய மான்கள் எல்லாம் எழுந்துவிட்டன. ஆனால் அவற்றில் ஒன்றுகூடச் சினைமான் இல்லை.

அன்று பின்னேரமே கஜானி அண்ணனோடு கதைத்தாள்.

"வயித்தில இருக்கிற கன்றுக்கு என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியாது, கஜி," என்றார் வாகீசன். "தெரியாததைத் தெரியுமெண்டு சொல்ல ஏலாது."

"இங்க முக்கால்வாசி சினைமான் அண்ணா. அதுகளை விட்டுட்டு ஆரைக் காப்பாத்திறது?"

தொலைபேசியில் அவர் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"மருந்து குடுக்காட்டி என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியும்," என்றாள் அவள்.

மேலிடத்து அனுமதி எதிர்பாராத வேகத்தில் வந்தது. அங்கிருந்தவர்களுக்கும் வேறு வழி தெரியவில்லை. வாகீசன் மருந்தை விமானத்தில் அனுப்பினார். ஆய்வுகூடத்தில் இருந்தபடியே மான்களின் கழுத்தில் மாட்டும் கருவிப்பட்டிகளிலிருந்து வரும் உடல்வெப்ப அளவுகளைக் கவனித்துக்கொள்வதாகச் சொன்னார். பக்கத்து மந்தைக்காரர்கள் உதவிக்கு வந்தார்கள். பள்ளத்தாக்கின் ஒதுக்குப்புறத்தில் வேலி போட்டு, மந்தையை உள்ளே கொண்டுவந்து, ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட்டார்கள். கால்கள் மடிந்ததும் நெஞ்சின்மேல் இருத்தி இரண்டு பக்கமும் பனியை அணைத்துக் கட்டினார்கள். எல்லாம் முடிந்தபோது அந்த வேலிக்குள் ஒரு சத்தமும் இல்லை. மான் நடக்கும்போது கால் நரம்பு சொடக்குப் போடும்; மந்தை இருக்கும் இடத்தில் அந்தச் சத்தம் ஓயாது. அது இல்லாத மந்தையைத் தன் வாழ்நாளில் முதன்முதலாகப் பார்க்கிறேன் என்று ரிஸ்டன் சொன்னாள்.

காத்திருப்பு நெடியதாக இருந்தது. ரிஸ்டனும் நீலாஸும் முறைவைத்து வேலியைச் சுற்றி வந்தார்கள். ஓநாய் வராமல் பார்ப்பது, சாய்ந்துபோன மானை நிமிர்த்தி இருத்துவது, இவ்வளவுதான் வேலை. மந்தையோடு நடந்தே பழகிய நீலாஸுக்கு அது வேலையாகவே படவில்லை. கூடாரத்துக்குள் இருந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பார், பிறகு தீட்டிய கத்தியையே மறுபடி தீட்டுவார்.

மார்ச் மாதத்தில் வெயில் ஏறி ஐஸ் இளகியது. கஜானி முறிமருந்தோடு வந்தாள். முதல் ஊசியைப் போட்டுவிட்டு மானின் பக்கத்தில் மண்டியிட்டு அதன் விலாவில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். நெடுநேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு விலா ஒருமுறை பெரிதாக விரிந்தது. காது அசைந்தது. மான் தலையைத் தூக்கி, அவளைப் பார்த்து, இரண்டு தரம் தடுமாறி விழுந்து, மூன்றாம் தரம் எழுந்து நின்றது. ரிஸ்டன் கையுறையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

சில மான்கள் எழும்பவேயில்லை. எழும்பாதவற்றை உண்ணவும் முடியாது. மருந்து ஏறிய இறைச்சி. அவற்றைப் புதைக்க நிலம் இளகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் மந்தை பிழைத்தது. மே மாதத்தில் கன்றுகள் பிறந்தன. பார்க்க எல்லாக் கன்றுகளையும் போலவே இருந்தன, துள்ளின, தாயை முட்டி முட்டிப் பால் குடித்தன. வாகீசன் படங்களை அனுப்பச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

செய்தி பரவியது. அந்தக் கோடையில் மற்ற மந்தைக்காரர்களும் மருந்து கேட்டார்கள். கூடவே கேட்காத ஒன்றும் வந்தது.

குர்ராவாகிக்கு வடக்கே விரிந்து கிடக்கும் மேட்டுநிலம்தான் ரிஸ்டன் குடும்பத்தின் குளிர்கால மேய்ச்சல். அதன் அடியில் செம்பு இருக்கிறது என்பது நெடுங்காலமாகத் தெரிந்த சங்கதி. மான்களுக்குக் குளிர்காலத்தில் அவ்வளவு நிலமும் வேண்டும் என்பதால்தான் யாரும் தொட முடியாமல் இருந்தது. இலையுதிர்காலத்தில் அமைச்சிலிருந்து ஓர் அதிகாரி வந்து மேய்ப்பவர்களின் கூட்டத்தில் பேசினார். மரியாதையான மனிதர். மிருகங்கள் பட்டினியால் சாகாமல் ஒரு வேலிக்குள் பத்திரமாகத் தூங்க முடிகிறது என்பது பெரிய சாதனை என்றார். அப்படியானால் ஒரு பள்ளத்தாக்கு போதும் அல்லவா, மிச்ச நிலத்தைப் பற்றி யோசிக்கலாம் அல்லவா என்றார். சாட்சியாக அவர் காட்டியது வாகீசனின் ஆய்வு முடிவுகளை.

கூட்டத்தில் யாரும் கத்தவில்லை. எல்லோரும் கஜானியைத் திரும்பிப் பார்த்தார்கள். அது கத்தியதைவிடக் கொடுமையாக இருந்தது.

அவள் அண்ணனோடு சண்டை பிடித்தாள். மிருகங்கள் சாகக்கூடாது என்றுதான் அந்த மருந்தைச் செய்தேன், நிலத்தைப் பறிக்க அல்ல என்று அவர் சொன்னார். அது எனக்குத் தெரியும், அமைச்சுக்காரருக்கு அதைப் பற்றி என்ன கவலை என்று இவள் கேட்டாள். அதன்பிறகு பல வாரங்கள் இருவரும் கதைக்கவில்லை.

சுரங்கத்துக்கான பரிசோதனைத் துளையிடல் தொடங்கியது. நீலாஸ் அங்கே கனரக வண்டி ஓட்டப் போய்விட்டார். மந்தை தூங்கப்போகிற குளிர்காலத்தில் எனக்கு இங்கே என்ன வேலை என்று அவர் மனைவியிடம் கேட்டாராம். ரிஸ்டன் இதைச் சொன்னபோது அவள் குரலில் கோபம் இல்லை. அவர் தங்குவதற்கு அங்கேயே ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஜனவரியில் மறுபடி மழை பெய்தது.

கஜானி மருந்துப் பெட்டிகளோடு போனாள். ரிஸ்டன் மந்தையை வேலிக்குள் கொண்டுவந்திருக்கவில்லை. மான்கள் மேட்டுநிலத்தில்தான் நின்றன.

"நான் ஊசி போட விடப்போறதில்லை," என்றாள் ரிஸ்டன். "இந்த வருசமும் அந்த வேலிக்குள்ள தூங்கினா, நிலம் போயிடும். நிலம் போனா, பிறகு மான் எழும்பி எங்க போறது?"

"போடாட்டி மான் சாகும், ரிஸ்டன்."

"தெரியும்."

இருவரும் ஸ்னோ ஸ்கூட்டரில் சாய்ந்தபடி நின்றார்கள். கஜானி சரியென்றும் தவறென்றும் சொல்ல முடியாமல் தவித்தாள். சட்டப்படி, பட்டினி கிடக்கும் மிருகங்களைப் பற்றி அவள் மேலிடத்துக்கு அறிவித்தாக வேண்டும். அறிவித்தால் அவர்கள் வந்து ஊசி போடுவார்கள். இன்னும் ஒரு நாள் பொறுக்கும்படி ரிஸ்டன் கேட்டாள். ஒரு நாள் பொறுப்பதாகக் கஜானி சொன்னாள்.

மறுநாள் போனபோது, சென்ற மே மாதத்தில் பிறந்த கன்றுகள் படுத்திருந்தன.

முதலில் செத்துவிட்டன என்றே நினைத்தாள். ஓடிப்போய் ஒரு கன்றின் விலாவில் கை வைத்தாள். மெதுவாக, மிக மெதுவாக மூச்சு இருந்தது. நெஞ்சின்மேல் ஒழுங்காக, கால்களை மடித்து, மூக்கைத் தொடைக்குள் புதைத்துப் படுத்திருந்தது. எந்த மருந்தும் ஏறாத கன்று. மருந்துப் பையிலிருந்து முறிமருந்தை எடுத்து ஊசியில் ஏற்றினாள். பிறகு என்ன நினைத்தாளோ, கோபத்தையெல்லாம் மறந்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

வாகீசன் முழுவதையும் கேட்டுவிட்டு அவசரமாகச் சொன்னார், "போடாத. கஜி, கேக்குதா, போடாத. முறிமருந்து மருந்தைத்தான் முறிக்கும். உள்ளுக்க மருந்தே இல்லையெண்டா அது எதை முறிக்கிறது? நேர நெஞ்சைத்தான் தாக்கும். கன்று துடிச்சுச் செத்துப்போகும்."

"அப்ப எப்படி எழுப்பிறது?"

"எங்களால ஏலாது," என்றார். "தாய் தூங்கேக்க இதுகள் வயித்தில இருந்ததுகள். அந்த உறக்கத்தை அங்கயே பழகியிருக்குதுகள் போல. நான் இதை யோசிக்கவேயில்லை."

ரிஸ்டனுக்கு அவள் இதைச் சொன்னபோது ரிஸ்டனின் முகம் இறுகியது. அவள் அப்படிக் கோபப்பட்டுக் கஜானி பார்த்ததில்லை. பசியைத் தள்ளிப்போடத்தான் மருந்து கேட்டேன், என் மான்களை வேறு மிருகமாக மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை என்றாள். கஜானி ஊசியிலிருந்த முறிமருந்தைப் பனியில் பீய்ச்சிவிட்டு, வெறும் ஊசியைப் பைக்குள் வைத்தாள்.

அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் தாய்மான்கள் ஒவ்வொன்றாகக் கன்றுகளின் பக்கத்தில் படுத்தன. சென்ற வருடம் மருந்தில் ஒருமுறை போய்வந்த பாதையை அவற்றின் உடம்பு மறக்கவில்லை. ஆனால் வேலிக்குள் அடுக்கிவைத்ததுபோல அவை படுக்கவில்லை. காற்று படாத சரிவு, பிர்ச் மரங்களின் ஓரம், ஆற்று வளைவு என்று ஒவ்வொரு தாயும் தன் கன்றோடு தனக்குப் பிடித்த இடத்தைத் தேடிக்கொண்டது. இரண்டும் மூன்றுமாக அந்த மேட்டுநிலம் முழுவதும் சிதறின. கடைசிவரை படுக்காமல் நின்ற சில மான்களுக்கு ரிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாகத் தீனியைப் பழக்கினாள்; பட்டினியென்று கஜானி மேலிடத்துக்கு அறிவிக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்த வாரம் நீலாஸ் துளையிடும் இயந்திரத்தை ஏற்றிய வண்டியோடு மேட்டுநிலத்துப் பாதையில் போய்க்கொண்டிருந்தார். விளக்கு வெளிச்சத்தில் பாதையின் குறுக்கே ஒரு பனிக்குவியல் தெரிந்தது. அதிலிருந்து கொம்பு நீட்டிக்கொண்டிருந்தது. இறங்கிப் பார்த்தார். பனிமான்களில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு; தாயும் கன்றும் படுத்திருந்தன. காதில் உரிமை காட்டும் தன் குடும்பத்தின் வெட்டுக்குறி. சற்றுத் தள்ளி இன்னும் இரண்டு, அதற்கப்பால் இன்னும்.

அவர் வண்டிக்குள் ஏறி எஞ்சினை நிறுத்தினார். பின்னால் வந்த வண்டிக்காரர் வந்து என்னவென்று கேட்டார். அவற்றைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிடலாமே என்றார். தூங்கும் மானை இடம் மாற்றினால் சாகும் என்று நீலாஸ் சொன்னார். அது உண்மையா என்று அவருக்கே தெரியாது. பிறகு ரிஸ்டனைக் கூப்பிட்டார். அவர்கள் கதைத்தே பல நாளாகியிருந்தது.

"இஞ்ச படுத்திருக்கினம்," என்றார். மான்களை மனிதரைப்போலச் சொன்னார். "நான் வண்டியை நிப்பாட்டிட்டன். நீ வா."

ரிஸ்டன் போனாள். அவர் வண்டிச் சாவியை மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டு அவளோடு வந்துவிட்டார். அதன்பிறகு இருவரும் சேர்ந்து படுத்திருந்த ஒவ்வொரு கூட்டத்தையும் தேடித் தேடி, பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய கம்பு நட்டார்கள். ஓநாய்த் தடம் பார்த்தார்கள். அவருக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க உட்கார நேரமில்லை.

அமைச்சின் அதிகாரி ஹெலிகொப்டரில் வந்து மேலிருந்து பார்த்தார். வெள்ளை நிலத்தில் அடிவானம்வரை சிவப்புக் கம்புகள். இறங்கி வந்து கஜானியிடம், இவற்றை அடுத்த வருடம் வேலிக்குள் படுக்கவைக்க முடியாதா என்று கேட்டார். மருந்தால் தூங்குவதை நாங்கள் விரும்பிய இடத்தில் தூங்க வைக்கலாம், தானாகத் தூங்குவது தானே இடம் தேடும் என்று அவள் சொன்னாள். அவர் திரும்பி அந்தக் கம்புகளைப் பார்த்தார். மிருகங்கள் எழும்பும்வரை துளையிடுவதை நிறுத்தச் சொல்வதாகவும், நிலத்தைப் பற்றிய பேச்சைத் திரும்ப முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

எழும்பினால், என்று கஜானி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மார்ச்சில் வெயில் ஏறியது. வாகீசன் ட்ரொம்சோவிலிருந்து வந்தார். வாழ்க்கை முழுவதும் பனிமானின் இரத்தத்தோடு வேலைசெய்தவர், வெளிநிலத்தில் மந்தையோடு நின்றதில்லை. குளிருக்குப் போதாத சப்பாத்து போட்டிருந்தார். நீலாஸ் தன்னுடைய மற்றச் சோடியைக் கொடுத்தார். நால்வரும் இரண்டு ஸ்கூட்டர்களில் மேட்டுநிலத்துக்கு ஏறினார்கள். ரிஸ்டன் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆற்று வளைவுக்குப் போனாள். மற்ற மூவரும் இன்னொன்றில், நீலாஸ் வண்டியை நிறுத்திய பாதையில் படுத்திருந்த தாயும் கன்றும் இருக்குமிடத்துக்குப் போனார்கள்.

பகல் முழுவதும் காத்திருந்தார்கள். சுற்றிவர ஐஸ் உடைந்து நீர் ஓடும் சத்தம் கேட்டது. வாகீசன் ஒருமுறை எழுந்து கன்றின் பக்கம் போகப் பார்த்தார். கஜானி அவர் கையைப் பிடித்து இருத்தினாள்.

தாய்தான் முதலில் எழும்பியது. உடம்பிலிருந்த பனியை உதறிக்கொண்டு நின்று, கன்றைக் குனிந்து முகர்ந்தது. கன்று அசையவில்லை. தாய் முன்காலால் அதன் முதுகைச் சுரண்டியது. பொறுத்து, மறுபடி சுரண்டியது. தாய் மூன்று நாலு அடி தள்ளிப்போய்த் திரும்பி நின்று, தொண்டைக்குள்ளிருந்து ஓர் உறுமல் கொடுத்தது.

கன்று தும்மியது. தலையைத் தூக்கிச் சூரியனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது. முன்கால்களை ஊன்றி, பின்பக்கத்தை உயர்த்தி, ஒரேமுறையில் எழுந்து நின்றுவிட்டது. மருந்தில் தூங்கி எழுந்த மான்களைப்போல அது தடுமாறவேயில்லை. தாயிடம் ஓடி, பக்கத்தில் இளகியிருந்த பனியைக் குளம்பால் கிண்டத் தொடங்கியது.

தூரத்தில் ரிஸ்டன் கையை உயர்த்தி ஆட்டுவது தெரிந்தது. ஆற்று வளைவிலும் எழும்பிவிட்டன.

"இனி என்ர மருந்து இதுகளுக்கு வேண்டாம் போல," என்றார் வாகீசன். அவர் கண்கள் கலங்கியிருந்தன. ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எப்பவும் வேண்டியிருக்கோணுமெண்டு ஆசைப்பட்டீங்களோ?" என்று கஜானி கேட்டாள்.

அவர் இல்லை என்று தலையசைத்தார். இரண்டு பேரும் பனியில் அருகருகே இருந்து கன்று மேய்வதைப் பார்த்தார்கள்.

கீழே போகும் நேரமானது. கஜானி ஸ்கூட்டரை முடுக்கப்போனாள். நீலாஸ் அவள் கையைத் தடுத்து, சரிவில் இன்னும் எழும்பாமல் படுத்திருந்த மான்களைக் காட்டினார். அவை தாங்களாக எழும்பட்டும் என்றார். மூவரும் சத்தம் போடாமல் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே இறங்கினார்கள்.